கை எடுத்தால் நிற்கும்

தர்மபுரம்
20.01.2025

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

அக்கா சிவரூபி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். வவுனியாத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, சொன்னால் கேள்.

தைப்பொங்கலன்று பட்ட சண்டைக்குப் பிறகு நான் உனக்குப் போன் எடுக்கப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. போனில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கிறோம், ஒருத்தரும் கேட்பதில்லை. கடிதமென்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் வேண்டும். நல்லதம்பி அண்ணையின் பஸ் ஒவ்வொரு நாளும் வவுனியாவுக்கும் விசுவமடுவுக்கும் ஓடுகிறது. "கொண்டக்டர் வேலையோட உங்கட தபால் வேலையையும் பாக்கிறன் பிள்ளை" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் கராஜில் மோட்டார் சைக்கிளை ஏற்றித் தூக்குகிற மேசை இருக்கிறதல்லவா, காலால் மிதித்து மிதித்து உயர்த்துவது? அதைக் கரண்டில் ஓடுகிற மாதிரி மாற்ற வேண்டும். நீ மண் கொட்டுகிற ரிப்பர் லொறிகளின் ஜாக்கைத் திருத்துகிறவன். அங்கே தொட்டியைத் தூக்குவதும் எண்ணெய்தான், இங்கே மேசையைத் தூக்குவதும் எண்ணெய்தான். எங்களுடையது அதன் குட்டி, அவ்வளவுதான்.

ஏன் இப்போது என்று கேட்பாய். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் இந்த றோட்டில் உள்ள மோட்டார் சைக்கிளெல்லாம் சேர்விஸுக்கு வரும். போன வருசமே பலரை "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினோம். இந்த முறையும் அனுப்பினால் விசுவமடுவில் புதிதாகத் திறந்த கடைக்குப் போய்விடுவார்கள், பிறகு இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அப்படி நடந்தால் கராஜை மூட வேண்டியதுதான். நான் மூடமாட்டேன்.

நீ வரவேண்டாம். சாமானை அனுப்பு, எப்படிப் பொருத்திப் பூட்டுவது என்று எழுது. பூட்ட எனக்குக் கை இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னோடு கதைக்காத, ஆனால் எழுதுகிற அக்கா


வவுனியா
27.01.2025

அன்பு அக்காவுக்கு,

தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறேன். தடிமனும் இல்லை, சண்டை பிடிக்கிற பலமும் குறையவில்லை. நீங்களும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

மேசை விசயம் வாசித்துச் சிரித்துவிட்டேன். அதைக் கிளிநொச்சியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்று அத்தான் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "இதுக்குக் கரண்டும் வேண்டாம் கடவுளும் வேண்டாம், கால் காணும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். அவரா இப்போது கரண்ட் கேட்கிறார்?

செய்யலாம், அக்கா. பயப்பட ஒன்றுமில்லை. மிதி என்பது ஒரு சின்ன எண்ணெய்ப் பம்ப். மிதிக்க மிதிக்க எண்ணெய் குழாயால் ஓடி சிலிண்டருக்குள் போகிறது, சிலிண்டர் மேசையைத் தூக்குகிறது. மிதியைக் கழற்றி, அந்த இடத்தில் மோட்டரால் சுற்றுகிற பம்ப் ஒன்றைக் கொடுத்தால் சரி. சிலிண்டரின் தடிப்பு, குழாயின் நுனி, மேசை எவ்வளவு உயரம் போகும் என்பதை அளந்து எழுதுங்கள். பற்றரியா கரண்டா என்றும் சொல்லுங்கள். போட்டோ எடுத்து அனுப்புங்கள், போட்டோவால் சண்டை வராது.

ஒரு குறை. நான் கொழும்பில் படித்த காலத்திலிருந்து உங்கள் கடிதத்தின் அடியில் அத்தான் சரிந்த எழுத்தில் ஒரு வரி எழுதுவார். "மச்சான், மழையோ?" என்றாவது இருக்கும். இந்த முறை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பொங்கலுக்கு நான் வருகிறேன் என்றபோது நீங்கள் வேண்டாம் என்றதில் எனக்குத்தான் மனவருத்தம். அவருக்கும் என்மேல் கோபமா?

தம்பி
சுகிர்தன்


தர்மபுரம்
09.02.2025

அன்புத் தம்பி,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. நெல்லுச் சூடடிப்புக் காலம், வயலுக்குப் போகிற வருகிற மோட்டார் சைக்கிளெல்லாம் வழியில் நின்று இங்கே உருட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அளவெல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போட்டோவும் அனுப்பியாயிற்று. பற்றரி வேண்டாம், கரண்டில் ஓடட்டும். பற்றரிக்குச் சார்ஜ் போட மறந்தால் காலையில் மேசையைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கத்தான் சரி.

அத்தானுக்கு உன்மேல் என்ன கோபம்? விசர்க்கதை கதைக்காதே. அவர் துணுக்காயில் தெரிந்த ஒருவரின் ட்ராக்டர் வேலைக்குப் போயிருக்கிறார். அவருடைய போன் வாய்க்காலுக்குள் விழுந்து செத்துவிட்டது, அதனால் எடுத்தால் கிடைக்காது. வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

நீ கெதியாகச் சாமானைப் பார். மிதித்து மிதித்து வலது முழங்கால் இரவில் தனியாக முனகுகிறது.

அக்கா


வவுனியா
02.03.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம், உங்கள் முழங்கால்தான் இப்போது என் கவலை. நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள்.

போட்டோ வடிவாக இருந்தது. மேசை இருக்கிறது, மிதி இருக்கிறது, ஒரு மனிசரைக் காணோம். அடுத்த முறை உங்கள் இரண்டு பேரின் முகத்தையும் கொஞ்சம் உள்ளே விடுங்கள்.

நல்லதம்பி அண்ணையிடம் பெட்டி கொடுத்திருக்கிறேன். பாரம், தூக்க ஆள் வேண்டும். மோட்டர், பம்ப், எண்ணெய்த் தொட்டி மூன்றையும் ஒரே தகட்டில் பூட்டித்தான் அனுப்புகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது, பழைய மிதியைக் கழற்றி, அதிலிருந்து சிலிண்டருக்குப் போகிற குழாயை இந்தப் பம்பில் மாட்டுவது. மேசையை இறக்குகிற கைப்பிடி பழையபடியே இருக்கும். மேசை உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன நெம்பு தட்டுப்பட்டு மோட்டரை நிப்பாட்டும்.

ஒன்று மட்டும் கவனம். பம்பின் பக்கத்தில் சிவப்புப் பூச்சு அடித்த நட் ஒன்று இருக்கிறது. அதைத் தொடவேண்டாம். காலால் மிதிக்கும்போது பாரம் கூடினால் கால் சொல்லும், "காணும், நிப்பாட்டு" என்று. மோட்டருக்கு அந்தப் புத்தி இல்லை, குழாய் வெடிக்கும்வரை தள்ளும். அதனால் நாலு மூட்டை நெல்லுக்கு மேல் பாரம் வந்தால் எண்ணெய் தானாகத் தொட்டிக்குத் திரும்புகிற மாதிரி அந்த நட்டில் வைத்திருக்கிறேன்.

பொத்தானை அமத்திப் பிடித்தால் மேசை எழும்பும். கை எடுத்தால் நிற்கும்.

பூட்டுகிற அன்று நான் வரட்டா? ஞாயிறென்றால் லீவு.

தம்பி


தர்மபுரம்
16.03.2025

என் கெட்டிக்காரத் தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். முழங்கால் உன்னை வாழ்த்துகிறது.

ஓடுகிறது! நீ வரத் தேவையே இல்லை, நானே பூட்டினேன். முதலில் மேசை குலுங்கிக் குலுங்கி எழும்பியது. குழாய்க்குள் காற்று நிற்கிறது என்று நினைத்து, சிலிண்டர்ப் பக்கத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஓடவிட்டேன். நுரை நுரையாகக் கக்கி, பிறகு சுத்தமான எண்ணெய் வந்தது. இறுக்கினேன், குலுக்கம் போயிற்று. மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கு முதல் நெல்லு மூட்டை வைத்துப் பார்த்தேன். நாலையும் தூக்கியது. அஞ்சாவதை வைத்தால் மோட்டர் இரைகிறது, மேசை அசையவில்லை. பக்கத்து வளவுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, உந்த மேசைக்கு ரோசம் வந்திட்டுதோ?" என்கிறார். சிவப்பு நட்டை நான் தொடவில்லை, நம்பு.

ஆனால் அந்தப் பொத்தான் எனக்குச் சரிவராது. விரலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. மேசை எழும்பும்போது சைக்கிள் ஆடும், முன்சில்லைக் கவ்வுகிற இரும்பு தேய்ந்துபோயிற்று, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது கை முளைக்கவில்லை. வீட்டில் லைற்றுக்குப் போடுகிற மாதிரி, போட்டால் போட்டபடி ஓடுகிற சுவிட்ச் ஒன்று அனுப்பு.

அக்கா


வவுனியா
23.03.2025

அன்பு அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கிறேன், நான் சுகம் என்று சொல்கிறேன். இனிச் சண்டை.

கை எடுத்தால் நிற்பதுதான் அந்தப் பொத்தானின் குணமே. ஏதும் பிழைத்தால் மனிசர் முதலில் கையைத்தான் எடுப்பார்கள், அப்போது மேசை நிற்கும். எனக்கு ஒன்று விளங்கவில்லை. நீங்கள் சைக்கிளைப் பிடியுங்கள், அத்தான் பொத்தானை அமத்தட்டும். இரண்டு பேருக்கு நாலு கை இருக்கிறது. பிறகு ஏன் மூன்றாவது கைக்கு அழுகிறீர்கள்? அத்தான் இன்னும் துணுக்காயில்தானா? அந்த ஊரில் அவ்வளவு ட்ராக்டரா?

உங்களோடு வாதாடி வென்றவர் இந்த மாவட்டத்தில் இல்லை, அதனால் கேட்ட சுவிட்சையும் இதோடு அனுப்புகிறேன். விருப்பமில்லாமல்தான் அனுப்புகிறேன். மேசை ஓடும்போது விட்டிட்டுப் போகாதேங்கோ.

இன்னொரு விசயம். சிவதர்சினி வீட்டார் ஆவணியில் கலியாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு அப்பா அம்மா இடத்தில் நீங்களும் அத்தானும்தான் வந்து கதைக்க வேண்டும். அத்தான் அந்தச் சந்தன நிறச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வரட்டும். அவர் வந்து கதைத்தால் காரியம் முடிந்த மாதிரி.

இந்தக் கடிதத்துக்காவது அவருடைய ஒரு வரி வேண்டும்.

தம்பி


தர்மபுரம்
24.04.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உண்மையாகச் சுகம், முழுக்க வாசித்துவிட்டுப் பயப்படு.

சிவதர்சினி வீட்டு விசயம் வாசித்து எனக்குச் சரியான சந்தோசம். நல்ல பிள்ளை. ஆவணிக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

வருசப்பிறப்பு முடிந்த கையோடு ஜெமீல் நானா தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். முல்லைத்தீவிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் திரிகிறவர். விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். மேசையில் ஏற்றிச் சுவிட்சைப் போட்டேன். பாதி உயரத்தில் கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். ஒரு சுவிட்சையும் தொடமாட்டோம். லைற்றைப் போட்டபடி விட்டால்தானே கரண்ட் வந்தது தெரியும்? நீயும் அப்படித்தான் வளர்ந்தவன். அதே பழக்கத்தில் மேசைச் சுவிட்சையும் விட்டுவிட்டேன். பாதி உயரம் முன்சில்லுக் கழற்றத் தோதாக இருந்தது. கட்டியிருந்த பட்டியை அவிழ்த்து, முன்பக்கத்துக்கு அடியில் கட்டை ஒன்று கொடுத்து, சில்லைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

லைற் எரிந்தது. "ஆ, கரண்ட் வந்திட்டுது" என்று நான் வாயைத் திறக்கிறேன், மேசை கிளம்பிவிட்டது! கட்டை நழுவி, சைக்கிள் முழுக்க என்மேல் சரிந்தது. இரண்டு கையாலும் நெஞ்சாலும் தாங்கினேன். மேசை எழும்ப எழும்பப் பாரம் என் தலைக்கு மேலே வருகிறது. விட்டால் என்மேல் விழும், பிடித்தால் கை முறியும். சுவிட்ச் சுவரில், எட்டாது. நல்லவேளை பிளக்கை இழுத்ததால் நின்றது. இடது தோளில் ஒரு கண்டல், வேறொன்றுமில்லை. ஜெமீல் நானாவின் பக்கக் கண்ணாடி உடைந்தது, புதிது போட்டுவிட்டேன். அவரோ, "கண்ணாடி கிடக்கட்டும் தங்கச்சி, நீங்க பொழச்சதே அல்லாஹ்ட கிருபை" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

பிழை என்னுடையது, உன்னுடையதல்ல. வேலை நிற்கவில்லை. இப்போது கரண்ட் போனால் முதலில் சுவிட்சைத்தான் நிப்பாட்டுகிறேன்.

அக்கா


வவுனியா
26.04.2025

அக்கா,

இரண்டு கையும் சைக்கிளில் என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சும் சைக்கிளில். சுவிட்ச் எட்டாது. ஜெமீல் நானா சந்தையில்.

பிளக்கை இழுத்தது யார்?

சுகிர்தன்


தர்மபுரம்
04.05.2025

அன்புத் தம்பி,

இந்த முறை சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பிளக்கை இழுத்தது அத்தான்.

அவர் துணுக்காய்க்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் காலையில் மேசையை மிதித்துக்கொண்டிருந்தவர், "கால் மரத்துப்போச்சு சிவரூபி" என்று சொல்லிக்கொண்டே அந்த மேசையைப் பிடித்தபடி சரிந்தார். தலைக்குள் இரத்தம் உறைந்துபோயிற்றாம். ஆஸ்பத்திரியில் உயிரைத் தந்துவிட்டார்கள். வலது கையும் வலது காலும் வரவில்லை. வாய் கொஞ்சம் கோணி, சொல் குழறித்தான் வரும். புத்தி முழுக்க இருக்கிறது. அதுதான் அவருக்குப் பெரிய வேதனை.

அவர்தான் உனக்குச் சொல்லவேண்டாம் என்றார். "மச்சான் என்னை இப்பிடிப் பாக்கப்படாது" என்று அழுதார். எனக்கும் உனக்குச் சொல்லப் பயம், ஆனால் வேறு பயம். அப்பா படுக்கையில் விழுந்தபோது நீ கொழும்புப் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தவன். உன்னை ஒருத்தரும் கேட்கவில்லை, நீயே வந்தாய். இப்போதுதான் ஒரு நல்ல வேலை, ஒரு நல்ல பெண். சொன்னால் அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்குவாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலன்று உன்னோடு வேண்டுமென்றுதான் சண்டை பிடித்தேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்து அழுதேன். நல்லதம்பி அண்ணையிடம் வற்றாப்பளை அம்மன்மேல் சத்தியம் வாங்கினேன், அவரைத் திட்டாதே.

காலையில் அவரைக் கதிரையில் வைத்துக் கராஜுக்குள் கொண்டுவந்து இருத்துவேன். ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகும் என்று நினைத்தேன். போன மாதம் ஒரு நாள், "என்னை ஏன் இஞ்ச வைச்சிருக்கிறாய்? நான் கழட்டி வைச்ச சாமான்" என்றார்.

அன்றைக்கு மேசை கிளம்பியபோது அவருக்குக் கத்த முடியவில்லை. கதிரையிலிருந்து தன்னைத்தானே கீழே தள்ளி விழுந்து, இடது கையால் நிலத்தைப் பிடித்துப் பிடித்து இழுபட்டுப் போய் வயரைப் பிடித்து இழுத்தார். பிளக் சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. நான் சைக்கிளைத் தூணோடு சாத்திவிட்டு ஓடிப்போனால், முகமெல்லாம் எண்ணெயும் மண்ணுமாகக் கிடந்து சிரிக்கிறார். "கரண்டும் வேண்டாம் எண்டு அப்பவே சொன்னனான்" என்று குழறிக் குழறிச் சொல்லிச் சிரிக்கிறார். கார்த்திகைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

இவ்வளவுதான் நான் மறைத்தது. வேலையை விட்டுவிட்டு வந்தாயானால் வாசலோடு திருப்பி அனுப்புவேன், சொல்லிவிட்டேன்.

உன் அக்கா


வவுனியா
22.05.2025

அன்பு அக்காவுக்கும் அன்பு அத்தானுக்கும்,

இந்த முறை சுகம் கேட்கமாட்டேன். சுகத்தை நானே வந்து பார்ப்பேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வேர்க்சொப்பில் ஒரு ரிப்பருக்கு அடியில் படுத்துக்கிடந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. உங்கள்மேல் சரியான கோபம், அக்கா, இன்னும் ஆறவில்லை. மேசைக்குக் கரண்ட் கேட்டீர்கள், அனுப்பினேன். சுவிட்ச் கேட்டீர்கள், அதையும் அனுப்பினேன். வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவர் அத்தான் மட்டுமா?

அடுத்த நாள் காலையில் பையோடு பஸ் ஸ்ராண்டுக்குப் போனேன். நல்லதம்பி அண்ணை கதவில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்டித்தான் விட்டேன், மன்னியுங்கள். "திட்டு, வடிவாத் திட்டு. ஆனா நீ இப்ப வெறுங்கையோட போய் என்ன செய்யப்போறாய்? அந்த மனிசனுக்கு முன்னால நிண்டு அழப்போறாய். அதுக்கு நான் ரிக்கற் தரமாட்டன்" என்றார். கொண்டக்டர் ஒருவர் ஆளை ஏற்றமாட்டேன் என்று நின்றதை வவுனியா பஸ் ஸ்ராண்ட் அன்றைக்குத்தான் பார்த்தது. திரும்பி வேர்க்சொப்புக்குப் போனேன். வேலையை விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் பிந்தியது.

இந்தப் பெட்டி அத்தானுக்கு. இனி அவருக்கு எழுதுகிறேன்.

அத்தான், அக்காவின் மூன்றாவது கை நீங்கள்தான். அது விளங்க எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. உள்ளே ஓட்டோ ஒன்றின் பழைய பிஸ்டன் இருக்கிறது. அதன் தலையில் பெரிய பொத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் கதிரையின் இடது கைப்பிடியில் இரண்டு போல்ட்டால் இறுக்கச் சொல்லுங்கள். நல்ல பாரம், வழுக்காது. அதற்குள் வருவது சின்னக் கரண்ட், ஈரக் கையோடு தொட்டாலும் அடிக்காது. அமத்தினால் மேசை எழும்பும். பக்கத்திலேயே சைக்கிள் பிரேக் பிடி ஒன்று பூட்டியிருக்கிறேன். அதிலிருந்து கேபிள் மேசையை இறக்குகிற கைப்பிடிக்குப் போகிறது. மெல்லப் பிடித்தால் மெல்ல இறங்கும், விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். சுவரில் உள்ள அந்த நாசமாய்ப்போன சுவிட்சைக் கழற்றி எறியுங்கள்.

கரண்ட் போய் வந்தாலும் இனி மேசை தன்பாட்டில் கிளம்பாது. உங்கள் கை அமத்தினால்தான் எழும்பும். நீங்கள் கை எடுத்தால் மேசை நிற்கும். அக்கா மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவவை நான் உங்கள் கையில்தான் விடுகிறேன்.

என்னைக் காணும்போது நீங்கள் சும்மா இருக்கக்கூடாது என்றுதான் சாமானை முதலில் அனுப்புகிறேன். நான் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து வருகிறேன். அப்போது ஆவணி விசயமும் கதைப்போம். சேர்ட் எதுவென்றாலும் பரவாயில்லை.

தம்பி
சுகிர்தன்


தர்மபுரம்
12.06.2025

அன்புத் தம்பி,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். எழுதிவிட்டு இன்னொரு முறை வாசித்துப் பார்க்கிறேன், பொய்யில்லை.

பெட்டி வந்த அன்றே பூட்டினேன். முதல் நாள் அவருக்கு அது பிடிபடவில்லை. பொத்தானைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தார், மேசை விக்கி விக்கி எழும்பியது. நெல்லு மூட்டையை ஏற்றி, "விழுந்தா நெல்லுத்தானே, அமத்துங்கோ" என்றேன். மத்தியானத்துக்குள் கை பழகிவிட்டது. அடுத்த நாளே கராஜுக்கு அவர்தான் பெரியவர். "சில்லை நேரா வை. பட்டியைக் கட்டு. கட்டிப்போட்டுச் சொல்லு" என்று குழறிக் குழறி என்னை அதட்டுகிறார். நான் "சரி, விடுங்கோ" என்று சொல்லாமல் ஒரு அங்குலமும் அசைக்கமாட்டார். அவருக்குத் திருப்தியில்லையென்றால் நான் சொன்னாலும் அசைக்கமாட்டார். எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்ல ஏலாது. அவ்வளவு சந்தோசம்!

பொங்கலுக்கு முந்தின கிழமை றோட்டு வரையும் மோட்டார் சைக்கிள் வரிசை. ஒருத்தரையும் நாளைக்கு வாங்கோ என்று அனுப்பவில்லை. ஜெமீல் நானாவும் வந்தார். பழைய பயத்தில் தூர நின்றவரை அத்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டு, பொத்தானைக் காட்டி, எடுத்துக் காட்டி, மேசை நிற்பதைக் காட்டினார். "இப்ப சரி பாலன், இப்ப என்ட சைக்கிளையும் ஏத்துங்க, என்னையும் ஏத்துங்க" என்றார் நானா. வேலைக்கு நடுவில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. லைற் எரிந்தது, மேசை அசையவில்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வா. மீன் வாங்கி வைக்கிறேன், பிந்தாமல் வா. சந்தன நிறச் சேர்ட்டைத் தோய்த்துக் கொடியில் போட்டாயிற்று. இடது கையால் பொத்தான் பூட்டப் பழகுகிறார், உதவிக்குப் போனால் அடிக்க வருகிறார்.

கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லிக் கத்துகிறார். விடுகிறேன்.

அக்கா

மச்சான்
இது இடது கை எழுத்து. பகிடி பண்ணாதை.
கை எடுத்தா நிக்கும் எண்டு எழுதியிருந்தாய். நான் எடுக்கேல்லை.
பாலன்